எழுந்திருக்காத அங்கிள்

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. ஜொகூரில், மாசாய்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எனக்குக் காவல் வேலை. ஜாகா என்று சொல்வார்கள். அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் லோரி ஓட்டினேன். இடுப்பு போன பிறகு லோரியை விட்டுவிட்டேன்.

இது நடந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

எனக்கு ஒரே பெண். மூவாரில் நாற்காலி, மேஜை செய்கிற கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தாள். அங்கேயே ஒரு சீனப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சீனப் பையன் என்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. என்னோடு லோரி ஓட்டியவர்களில் பாதிப் பேர் சீனர்கள்தான். எனக்குக் கடைசியாகத் தெரிந்தது என்பதுதான் கோபம்.

காலையில் ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மருமகன் வந்துட்டாராமே! ஒரு வார்த்த சொல்லலியே நீங்க" என்றார்.

என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது எனக்கு அப்படித்தான் தெரியும். போனில் படம் போட்டிருக்கிறாள். என்னுடையது பழைய போன், படம் வராது. தெருவே பார்த்திருக்கிறது. மனைவிக்கு முதல் நாளே தெரியுமாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

நான் சத்தம் போடவில்லை. பெண்ணோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான்.

அந்த வருஷத் தீபாவளிக்குப் பெண் வந்தாள். மருமகன் தெருவில் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அவள் மட்டும் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஆனால் உள்ளே கால் வைக்கவில்லை.

"அப்பா, உள்ள வரலாமா?" என்றாள்.

அது அவள் பிறந்து வளர்ந்த வீடு. அதற்குள் வருவதற்கு அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் நாற்காலியில் இருந்தேன். டிவியில் ஏதோ ஓடியது. அதையே பார்த்தேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த மனைவி ஓடி வருவதற்குள் கார் போய்விட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பதினோரு மாதம் போய்விட்டது. அடுத்த தீபாவளி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த முறை அவள் வரமாட்டாள் என்று தெரியும். இந்த முறை வராவிட்டால் இனி எப்போதும் வரமாட்டாள். அதுவும் தெரியும். ஆனாலும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புதன்கிழமை.

கல்லூரியில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பெரிய அறை உண்டு. மரத்தளம் போட்டது. சப்பாத்தோடு உள்ளே போகக்கூடாது. புதன்கிழமை இரண்டு மணிக்கு அங்கே நடிப்பு வகுப்பு நடக்கும். நடிப்பையே பாடமாக எடுத்துப் படிக்கிறவர்களுக்கு இல்லை. கணக்கு, கம்ப்யூட்டர், எலெக்ட்ரிக்கல் படிக்கிற பிள்ளைகளுக்கு. அவர்கள் தங்கள் பாடத்துக்கு வெளியே ஏதாவது ஒன்று எடுக்க வேண்டுமாம். இதில் பரீட்சை இல்லை என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் பாதிப் பேர்.

ஏர்கோன் ஓடவில்லை, பின்கதவைத் திறந்துவிட வேண்டும் என்று போன் வந்தது. சாவியோடு போனேன். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைத் திறந்தேன். திரும்பும்போது அந்த மேடம் கூப்பிட்டார். மலாய்க்காரர், மலாயில்தான் பேசுவார். நாற்பது வயது இருக்கும்.

"அங்கிள், ஒரு பத்து நிமிஷம் உதவி பண்ணுவீங்களா? சும்மா உட்காரணும். அவ்வளவுதான்."

அறைக்கு நடுவில் ஒரு நாற்காலி, வாசல் கதவைப் பார்த்த மாதிரி. அன்று அதில் உட்கார வேண்டிய பிள்ளை இன்னும் வரவில்லையாம். கேட்டில் இன்னொரு ஜாகா இருந்தார். சரி என்று உட்கார்ந்தேன்.

பாடம் இதுதான். ஒவ்வொருவராக வந்து என்னை எழுந்திருக்க வைக்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசலாம், செய்யலாம். என்மேல் கை மட்டும் படக்கூடாது.

"உங்களுக்கு நிஜமா எழுந்திருக்கணும்னு தோணினா மட்டும் எழுந்திருங்க அங்கிள். பிள்ளைங்க பாவம்னு எழுந்திருக்காதீங்க" என்றார் மேடம்.

எனக்கு ஒன்றைச் சொன்னால் சொன்னபடி செய்வேன். தலையாட்டினேன்.

பிள்ளைகள் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு உயரமான சீனப் பையன் ஓடி வந்தான். "அங்கிள், நெருப்பு! நெருப்பு!" என்று என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

"அலாரம் அடிக்கலையே" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய் உட்கார்ந்தான்.

அடுத்தவன், "அங்கிள், உங்க மோட்டார யாரோ தள்ளிக்கிட்டுப் போறான்!" என்றான். நம் பையன், தமிழிலேயே சொன்னான்.

"நான் பஸ்ஸுல வந்தேன்."

"அலமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். விடவில்லை. "கேன்டீன்ல நாசி லெமாக் ப்ரீயாக் கொடுக்குறாங்க அங்கிள். முடியப்போகுது!"

"சாப்புட்டேன்."

"இந்த அங்கிள் கல்லு லா மேடம். கிரேன் கொண்டு வந்தாத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு மலாய்ப் பெண் வந்தது. முட்டி போட்டு, அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், கூட்டிக்கொண்டு போங்கள் என்று அழுதது. நிஜக் கண்ணீர். எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் அழுதுகொண்டே ஒரு கண்ணால் மேடத்தைப் பார்த்தது. நான் எழுந்திருக்கவில்லை.

இப்படி ஏழெட்டுப் பேர். பத்து நிமிஷம் என்றது அரைமணி நேரம் ஆகிவிட்டது. ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. எப்படியாவது இந்த ஆளை எழுப்ப வேண்டும் என்று தோற்றவர்களும் சேர்ந்து யோசனை சொன்னார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். யாராலும் என்னை அசைக்க முடியவில்லை. இந்தப் பெருமை எனக்குப் புதிது இல்லை. எங்கே, எப்போது என்று மட்டும் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

அப்போது எனக்கு நேரே கதவு திறந்தது.

ஒரு தமிழ்ப் பிள்ளை. கணக்குப் படிப்பது. தினமும் கேட்டைத் தாண்டும்போது குட் மார்னிங் சொல்லிவிட்டுப் போகும். வேறு யாரோடும் அதிகம் பேசாது. நீல பாஜு கூரோங் உடுப்பு, தோளில் பை, முகமெல்லாம் வேர்வை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றியது. கழற்றிவிட்டு அங்கேயே நின்றது.

அறையில் சட்டென்று சத்தம் நின்றுவிட்டது. மேடம் உதட்டில் விரலை வைத்து, யாரும் பேசாதீர்கள் என்று காட்டினார். அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு நேராக இருந்தவன் நான்தான்.

"அங்கிள், உள்ள வரலாமா?" என்றது.

நான் பேசவில்லை. இதுவும் ஆட்டம் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பிள்ளை நின்றது. பக்கவாட்டில் பார்த்தது. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி என்னைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஒரு காலைத் தூக்கிச் சப்பாத்தைத் திரும்ப மாட்டத் தொடங்கியது.

எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம்தான் கேட்டது. கதவுவரை போய்விட்டேன்.

"வாம்மா. வா. உள்ள வா" என்றேன். மூன்று தடவை சொன்னேன் என்று பிறகு பையன்கள் சொன்னார்கள்.

அறையே கை தட்டியது. விசில் அடித்தார்கள். அந்தப் பிள்ளை ஒரு காலில் சப்பாத்தோடு, "என்ன? என்ன ஆச்சு?" என்று முழித்தது. அதற்கு ஆட்டமே தெரியாது. பஸ் வராமல் தாமதமாகி வந்திருக்கிறது. மேடம் ரொம்பக் கண்டிப்பு. தாமதமாக வருகிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அது கேட்டது. பதில் வரவில்லை. இன்றைக்கு வகுப்பு இல்லை, திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக் கிளம்பியது. அவ்வளவுதான் நடந்தது.

மேடம் வந்தார். "அங்கிள், ஏன் எழுந்தீங்க?" என்று கேட்டார்.

"கால் மரத்துப்போச்சு மேடம்" என்றேன்.

மேடம் சிரித்தார். "இவ்வளவு நேரம் நீங்க நடிக்கல அங்கிள். இப்பதான் நடிக்கிறீங்க" என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். விழுந்த நாற்காலியை அவரே தூக்கி வைத்தார். பிள்ளைகளைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

நாலு மணிக்கு வகுப்பு விட்டது. அந்தப் பிள்ளை நேராக என்னிடம் வந்தது.

"அங்கிள், மேடம் எனக்கு இருபதுக்குப் பதினெட்டு போட்டாங்க. நான் ஒண்ணுமே பண்ணலையே. எதுக்கு எந்திரிச்சீங்க?"

எனக்கு என்ன தோன்றியதோ, சொன்னேன். தீபாவளி, வாசல், செருப்பு, எல்லாவற்றையும். அதற்கு முன்னால் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. பெரிதாகப் பேசவில்லை. ஏழெட்டு வாக்கியம் இருக்கும். அந்தப் பிள்ளை பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டது. பாவம் என்றோ, கவலைப்படாதீங்க என்றோ சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டது.

"அன்னிக்கு அக்கா வந்தப்ப நீங்க எந்திரிச்சிருந்தா என்ன ஆயிருக்கும் அங்கிள்?"

நான் யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன்.

"ஐயோ, என் பஸ்!" என்று அந்தப் பிள்ளை ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டது.

வீட்டுக்குப் போனேன். மனைவி பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம மூவாருக்குப் போலாமா?" என்றேன்.

கத்தி நின்றது.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பாக்கத்தான்."

அவள் என்னையே பார்த்தாள். பயத்தங்காயை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். யாரிடமோ போனில் மெதுவாகப் பேசினாள். நான் மிச்சத்தை நறுக்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லார்க்கினில் பஸ் ஏறினோம். மனைவி ஒரு பெரிய பை கொண்டுவந்திருந்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மூவாரில் இறங்கி ஒரு வாடகைக் கார் பிடித்தோம். மனைவி ஓட்டுநரிடம் வலது, இடது என்று எதையும் பார்க்காமல் வழி சொன்னாள். வீட்டு வாசலில் ஒரு நாய் கட்டியிருந்தது. என்னைப் பார்த்துக் குரைத்தது. மனைவியைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு காலில் வந்து விழுந்தது.

"நாய்க்கு உன்னத் தெரியுமா?"

"தெரியும்."

"இங்க வந்திருக்கியா?"

"வருவேன். மாசம் ஒரு தடவ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பெக்கோக்ல உன் தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன்னு ஒரு மாசம் போயிருந்தியே?"

"அவளுக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கோபப்படுவதா என்று யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நாயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எத்தன மாசம்?"

"நாலு."

"என்ன புள்ள?"

"பொம்பளப் புள்ள."

அந்த ஒரு மாதம் என் மனைவி பெக்கோக்கில் இல்லை. இங்கே என் பெண்ணுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து, தங்கச்சி இப்போது நன்றாக நடக்கிறாள் என்று சொன்னாள். நானும் சந்தோஷம் என்றேன். எந்தக் கல்லூரியிலும் அப்படி நடிக்கச் சொல்லிக்கொடுக்க முடியாது.

மருமகன் வந்து கேட்டைத் திறந்தார். "அப்பா, வாங்க" என்று தமிழில் சொன்னார். சொல்லிப் பழகி வைத்திருந்தார் போல. உள்ளே போனோம். பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் பெண். பேச்சை நிறுத்த அவளுக்கும் தெரியும்.

பஸ்ஸில் யோசித்துக் கிடைக்காதது அப்போது வாயில் வந்தது.

"அன்னிக்கு நான் எந்திரிக்கலம்மா. தப்பு" என்றேன்.

சரி, விடுங்கப்பா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மனசு அப்படித்தான் எதிர்பார்க்கும்.

"தப்புதான்ப்பா" என்றாள். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இவளப் பத்திச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். ரெண்டு மாசம் அப்ப. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்லணும்னு வந்தேன். அம்மாகிட்டகூடச் சொல்லல" என்றாள்.

கடைசியாகச் சொன்னார்கள் என்றுதானே எனக்குக் கோபம். அவள் அதைத் தெரிந்துகொண்டு, இந்த முறை முதலில் சொல்ல வந்திருக்கிறாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழ வராது. என் அப்பா செத்தபோதும் வரவில்லை. அன்று வந்தது. துண்டு கொண்டுபோகவில்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். மருமகன் நல்ல பையன். தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டார்.

பெண் குழந்தையை என் கையில் கொடுத்தாள். அது என் மீசையைப் பார்த்தது. பிறகு வீடு அதிர அழுதது. மனைவி பதறிப்போய், "கொடுங்க, கொடுங்க இங்க" என்று கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா. அவரே சமாளிக்கட்டும்" என்றாள் என் பெண்.

சமாளித்தேன். அரைமணி நேரம் ஆனது.

அந்தத் தீபாவளிக்கு நாலு பேரும் எங்கள் வீட்டில்தான். என் பெண், மருமகன், பேத்தி, மருமகனின் அம்மா. பக்கத்து வீட்டுக்காரரை நானே கூப்பிட்டுப் பேத்தியைக் காட்டினேன். எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெண் என்னிடம் பழையபடி சிரித்துப் பேச ஒரு வருஷம் ஆனது. அது நியாயம்தான்.

அந்தக் கணக்குப் பிள்ளை படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டது. பேத்தியின் படத்தை ஒரு தடவை காட்டினேன். "உங்க மீசையே இருக்கு அங்கிள்" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனது. மேடம் இன்னும் இருக்கிறார். புதன்கிழமைகளில் சில சமயம் நாற்காலியில் உட்காரக் கூப்பிடுவார். வேண்டாம் மேடம், நான் இப்போது சுலபமாக எழுந்துவிடுவேன், பிள்ளைகளுக்குப் பாடம் கெட்டுப்போகும் என்று சொல்லிவிடுவேன்.

பேத்திக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. தாத்தா என்றும் கூப்பிடுகிறது, சீனத்தில் கோங் கோங் என்றும் கூப்பிடுகிறது. பிறந்ததிலிருந்து நாலு மாதம்வரை எடுத்த படங்களெல்லாம் என் பெண்ணின் போனில் இருக்கின்றன. முதல் குளியல், பேர் வைத்தது, மனைவியின் மடியில் தூங்குவது, எல்லாம். போகும்போதெல்லாம் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பெண் பேத்தியைத்தான் பார்க்கிறேன் என்று நினைக்கிறாள். ஒவ்வொரு படத்திலும் நான் எந்த இடத்தில் நின்றிருப்பேன் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.